கொளுத்தாத ஊதுவத்தி

"ஐயோ, ஊதுவத்தியக் கொளுத்திடாதம்மா! கேஸ் வண்டி இது!"

ஓட்டிக்கொண்டே தெய்வசிகாமணி ஒரு கையைப் பின்னால் நீட்டினார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி தீப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஊதுவத்திகளைக் கொளுத்தாமலே வாழைப்பழத்தில் குத்தி வைத்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டது பிணம்.

"பேசாதீங்க. கச்சிராயபாளையம் வந்துடுச்சு."

பிணம் அவள் கணவன் தமிழழகன். பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் அவனுக்கு அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது; இதைத் தவறவிட்டால் இன்னொன்று கிடையாது.

இட ஒதுக்கீடு கேட்டு மூன்று நாளாகச் சாலை மறியல். பஸ் ஓடவில்லை, பெட்ரோல் பங்க் திறக்கவில்லை. ஆம்புலன்சையும் சாவு வண்டியையும் மட்டும் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளிமலையிலிருந்து இப்படிக் கிளம்பியிருந்தார்கள்.

தெய்வசிகாமணியின் ஆம்னி வேன், வீட்டுச் சிலிண்டரில் ஓடுவது. "ஊர்ல ஒரு வண்டி ஓடல, என் வண்டி ஓடுது பாத்தியா? செலவும் பாதிதான்" என்று மலை இறங்கும்வரை பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

"எவ்ளோ கேஸ் இருக்குதுன்னு எப்பிடிண்ணே தெரியும்? முள்ளு ஒண்ணும் காணமே?" என்றாள் கோகிலவாணி.

"சிலிண்டரத் தூக்கிப் பாக்கறதுதான். காலையில தூக்குனேன், இடுப்பு புடிச்சிக்கிச்சு. ஜாஸ்தியாதான் இருக்கும்."

அந்தச் சிலிண்டர் வண்டியின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டதால், தமிழழகன் அதன் மேலேயே கால்களைப் போட்டுப் படுத்திருந்தான். போர்வை குட்டை. பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"முட்டிக்குக் கீழ மரத்தே போச்சு வாணி" என்று முனகினான்.

"கேஸ் வாசன வருதுண்ணே."

"சோப்பு நுரை தடவிப் பாத்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல." அவர் குரலில் பழைய பெருமை இல்லை.

திருப்பத்தில் புகை தெரிந்தது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம், அதன் முன்னால் எரியும் டயர்கள், ஐம்பது அறுபது பேர். தோளில் துண்டு போட்ட ஒருவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யாரும்மா செத்தது?"

"எங்க வூட்டுக்காரரு. நெஞ்சு வலி" என்றாள். மாலைக்கு அடியில் பேனா மூடியும் ஹால் டிக்கெட்டின் ஓரமும் எட்டிப் பார்த்தன. அவசரமாக மாலையை இழுத்து மூடினாள்.

"இன்னாடா இது, ஊதுவத்தி கூடக் கொளுத்தல?" கூட்டத்தில் ஒருவன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "தனசேகரண்ணே, தள்ளுங்க, நான் கொளுத்துறேன்."

"கேஸ் வண்டிப்பா!" என்று அலறினார் தெய்வசிகாமணி. "கொளுத்துனா இங்க எல்லாருக்குமே மாலை வாங்கணும்!"

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. துண்டு போட்ட தனசேகரன் மட்டும் அசையவில்லை. "டயர அணைங்கடா. ஒருத்தனும் கிட்ட வராதீங்க" என்றவர், சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

கோகிலவாணி கணவன் முகத்தின் மேல் கவிழ்ந்து அழுதாள். பயத்தில் அழுகை நிஜமாகவே வந்தது. தனசேகரன் கால்மாட்டில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. அவர் என்ன செய்கிறார் என்று தலை தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போர்வை கால் பக்கமாக இழுக்கப்பட்டது. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"வுடுங்கடா. சாவு வண்டிதான்."

மரத்தைச் சுற்றி மண்ணில் இறங்கி ஏறியது வண்டி. கோகிலவாணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தாள், வந்த மூச்சு நின்றது. தனசேகரன் டிவிஎஸ் வண்டியில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தாளு துரத்திக்கினு வர்றாரு! வேகமாப் போங்க!"

"கேஸ்ல இவ்ளோதாம்மா இழுக்கும்!"

கள்ளக்குறிச்சி எல்லையில் இன்னொரு மறியல். அங்கே ஒரு பெரியவர் கேள்வியே கேட்கவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்தார், போர்வையின் கால் பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். "போங்க" என்றார்.

ஏன் காலை மட்டும் பார்த்தார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கூட்டத்தைக் கடந்து டிவிஎஸ் மறுபடியும் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆம்னி இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது.

"கேஸ் தீந்துடுச்சும்மா."

"இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னீங்களேண்ணே!"

"அது வயசு போலருக்குது."

"வாணி" என்றான் தமிழழகன் தாடைக்கட்டுக்குள்ளிருந்து. "என் காலப் பிரிக்க முடியல. ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு."

அவள் சிலிண்டரைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அந்தச் சிலிண்டரை ஒட்டியே படுத்திருந்தான். கேஸ் உடம்பில் ஏறிவிட்டது. தேர்வு போகட்டும், கால் போய்விட்டால்?

டிவிஎஸ் பக்கத்தில் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. கோகிலவாணி இரண்டு கைகளையும் விரித்துக் கணவனை மறைத்துக்கொண்டாள்.

தனசேகரனின் தோளில் துண்டு இருந்தது. அதன் ஒரு ஓரம் கிழிந்திருந்தது.

"பொணத்துக்குக் கால் கட்டைவிரலக் கட்ட மறந்துட்டீங்களேன்னு நான்தான் கட்டுனேன், சீக்கிரம் அவுத்து வுடும்மா, பரீட்சைக்கு நேரமாவுது!"