ஆணித் துளைகள்

"அந்தக் கடைசி ஆணியையும் புடுங்கிருங்க" என்றாள் கிருஷ்ணம்மாள். அவள் கணவர் கலியன் ஸ்டூலில் ஏறிக் குறடால் திருகினார். ஆணி வந்தது, கூடவே ஒரு கைப்பிடி சுண்ணாம்பும் உதிர்ந்தது.

வெள்ளைப் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து அந்தத் துளையில் அப்பி, கட்டைவிரலால் வழித்துவிட்டாள். சுவரெங்கும் ஏற்கெனவே அப்படிப் பல பொட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

பக்கத்து அறை சுலோசனா வாசலில் நின்று சிரித்தாள். "என்னக்கா, செவுத்துக்குப் பவுடர் பூசுறீங்க? பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"சிரிடி, சிரி. டி.வி., கறிவேப்பிலைச் செடி, முருகன் படம்னு பெருங்குடித்தனமே வச்சிருக்க. நாளைக்கு உன்னையத்தான் மொதல்ல வெளிய தள்ளுவாங்க."

"ரெண்டு வருசமா கெடக்கோம். சாமி படம்கூட மாட்டாம எப்படிக்கா இருக்குறது?"

கல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில் பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்துக் கட்டிய அறைகள் அவை. பர்மாவில் ராணுவம் வீடு வீடாக ஆள் பிடிக்கத் தொடங்கியதும் எல்லை தாண்டி ஓடிவந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் இரண்டே.

வந்த அன்றே அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இது தற்காலிகத் தங்குமிடம், வீடு அல்ல. ஆணி அடிக்கக் கூடாது, அடுப்பு வைக்கக் கூடாது, செடி வளர்க்கக் கூடாது. நிலையாகத் தங்கும் எண்ணம் தெரிந்தால் அறை பறிபோகும்.

மெல்ல மெல்ல எல்லோரும் அதை மறந்தார்கள். பேத்தி பிறந்தபோது கிருஷ்ணம்மாள் தூளிக்காக உத்தரத்தில் கொக்கியே அடித்துவிட்டாள்.

அன்று காலையில்தான் பட்டாபி வந்திருந்தான். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அதிகாரிகள் பேசும் வங்காள மொழியை இவர்களுக்குத் தமிழில் சொல்பவன். கிருஷ்ணம்மாளை வங்காள வழக்கப்படி 'மாஷிமா', அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவான். "நாளைக்கு மேலேருந்து ரூம் ரூமா பாக்க வரா, மாஷிமா. எல்லாரும் ஆத்துலயே இருங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அறை போனால் தெரு. தெருவில் நின்றால் போலீஸ். கையில் காகிதமில்லாத வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்புறம் ஜெயில்தான்.

மகள் மகேஸ்வரி தூளியை அவிழ்க்கும்போது குழந்தை சிணுங்கியது. "இதையாச்சும் விடேம்மா."

"கொக்கியப் பாத்தா, இங்கயே பொழைக்க வந்துட்டாங்கன்னுவாங்க. கழட்டுடி."

அடுப்பு, பாத்திரம், பாய், துணிமூட்டை எல்லாவற்றையும் கலியன் சைக்கிள் வேனில் ஏற்றி, எதிரே டீக்கடையில் ஒருநாள் வைத்திருக்கச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே, அறை கிடைக்காத குடும்பங்கள் வழக்கம்போல் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தன. உள்ளே இருப்பவர்களை எப்போதும் முறைத்தே பார்ப்பார்கள். அன்று அவர்களில் ஒருத்தி, வேன் போவதைப் பார்த்ததும் எழுந்து வந்து கிருஷ்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்க ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை. நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டாள் கிருஷ்ணம்மாள்.

மறுநாள் அதிகாரியம்மாள் வந்தபோது சுலோசனாவின் குக்கர் விசிலடித்தது. அவர் எட்டிப் பார்த்தார். டி.வி.யை, செடியை, கொடியில் தொங்கிய ஈரத் துணியைப் பார்த்தார். கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

'பாவி மக, சொன்னாக் கேட்டாளா' என்று கிருஷ்ணம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அடுத்து இவர்கள் அறை. நான்கு சுவரும் பளிச்சென்றிருந்தன. மகேஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அதிகாரியம்மாள் வெறும் தரையைப் பார்த்தார், கரியைத் தேய்த்துக் கழுவியிருந்த மூலையைப் பார்த்தார், பிறகு காவலாளியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினான்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் கிருஷ்ணம்மாள் பெருமையோடு. "ஒரு ஆணிகூட இல்ல. போன்னா நாளைக்கே போயிருவோம்."

பட்டாபி அதை மொழிபெயர்க்கவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

"மாஷிமா, ஆணியை யாரு கேட்டா? பேருக்கு ரூமைப் பிடிச்சு வச்சுண்டு, வெளில வாடகைக்கு இருக்கறவாளைக் கண்டுபிடிக்க வந்திருக்கா. கேட்டுல அத்தனை பேர் காத்துண்டிருக்காளே, அவாளுக்குக் குடுக்கணுமாம்."

"நாங்க இங்கதான தம்பி இருக்கோம்!" கலியன் குரல் உடைந்தது. "இந்தா, நிக்கிறமே!"

பட்டாபி சொன்னான். அதிகாரியம்மாள் சலிப்போடு இரண்டு வார்த்தை பேசினார்.

"பாக்க வர அன்னிக்கு மட்டும் எல்லாரும் வந்து நிப்பாளாம்."

காவலாளி கதவருகே பூட்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால், நேற்றுக் கையைப் பிடித்தவள் மூட்டையைத் தலையில் ஏற்றியிருந்தாள். அதிகாரியம்மாள் கிருஷ்ணம்மாளின் முகத்தைப் பார்த்துக் கடைசியாக ஒன்று கேட்டார். பட்டாபி குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"'நிஜமா உங்க வீடு எங்க இருக்கு?'ன்னு கேக்கறா, மாஷிமா."