ஒன்றேகால் இன்ச் புஷ்

“லத்தியைப் பிடில. ரெண்டு முனையையும் நல்லாப் பிடி. அப்படியே தலைக்கு மேல தூக்கு.”

வாச்மேன் ராசையா சொன்னதும் ஃபிட்டர் பாஸ்கல் சிரித்துக்கொண்டே லத்தியை உயர்த்தினான்.

“இன்னா அண்ணாத்தே, தெனமும் நான்தான் கெடச்சனா? என் மூஞ்சில திருடன்னு எழுதி ஒட்டிக் கீதா?”

“பேசாம நில்லு.”

திருவொற்றியூரில் இருந்த அந்தக் கம்பெனி, எண்ணூர் ஆலைகளின் குழாய்களுக்குப் பித்தளை புஷ் கடைந்து கொடுத்துவந்தது. ஒரு மோதிரத்தைப் பெரிசாக்கி, உள்ளே திருகு மரை வெட்டி, ஒரு பக்கம் விளிம்பை அகலமாக விட்டால் அதுதான் புஷ். கொஞ்ச நாளாக அது தினம் ஒன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ராசையாவுக்குச் சந்தேகமெல்லாம் பாஸ்கல் மேல்தான். சோதனை என்றாலே மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இவன் மட்டும் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். யோக்கியனுக்கு எதற்கு இத்தனை சிரிப்பு?

லத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது ராசையாவின் சொந்த யோசனை. கை சும்மா இருந்தால்தானே இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குச் சாமானை மாற்ற முடியும்? அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்று ஸ்டோர் ஆபீசர் ராமதாஸே கேட்டுக்கு வந்து நின்றிருந்தார்.

“பெரிசும் போகலை, சின்னதும் போகலை. ஒன்றேகால் இன்ச் மட்டும்தான்யா போகுது! இன்னைக்கும் ஒண்ணு குறையுது. இவன்தான்னு அடிச்சுச் சொன்னியே, எடுத்துக் காட்டு. இல்லேன்னா காக்கிச் சட்டையைக் கழற்றி வெச்சுட்டு ஊரைப் பார்த்துப் போ.”

வேலை போனால் ராசையாவுக்குக் கம்பெனி கொடுத்த அறையும் போய்விடும். நிறைமாதக்காரியான மனைவி செல்லக்கனியை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

பாஸ்கலின் சட்டைப்பை, இடுப்பு, கால்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் தடவினான். டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்தான். செருப்பைக் கழற்றச் சொன்னான். சைக்கிள் சீட்டுக்கு அடியில் விரலை விட்டான். கழுத்தில் கிடந்த, மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றைக்கூட விடவில்லை.

“கையை ஏம்ல முறுக்குத?”

“மரத்துப் பூட்ச்சு அண்ணாத்தே. எம்மா நேரம் தூக்கிகினே நிக்கிறது?”

ஒன்றும் அகப்படவில்லை. பாஸ்கல் லத்தியைத் தரையில் ஊன்றி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

ராமதாஸின் பார்வை இப்போது ராசையா பக்கம் திரும்பியது.

“வெளியே போறவன்கிட்ட இல்லைன்னா, கேட்டைத் திறந்து விடுறவன்கிட்டதான் இருக்கணும். உனக்கும் டூட்டி முடிஞ்சுதுல்ல? தூக்கு கையை.”

“ஐயா! என்னையா?”

“தூக்குய்யா.”

ராசையா லத்தியோடு கையைத் தூக்கினான். லத்தி முதுகுக்குப் பின்னால் தொங்கியது. இத்தனை பேரைத் தடவிய தன்னை இன்னொருவர் தடவுகிறாரே என்று அவமானத்தில் உடம்பு கூசியது. ராமதாஸ் தொப்பியையும் பெல்ட்டையும்கூட விடாமல் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அப்போ ஸ்டோர்லேயேதான் எங்கேயாவது உருண்டு கிடக்கணும். தேடிப் பார்க்கிறேன். கிடைக்கலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்.”

வெளியே பாஸ்கல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“மன்ச விட்றாத அண்ணாத்தே. வா, ஒரு டீ அட்ச்சிட்டுப் போவலாம்.”

எதிரே பவுனம்மாளின் டீக்கடை. ராசையாவுக்கு அது புதிய இடமில்லை. பாஸ்கல் அங்கே யாரோடு பேசுகிறான், எதைக் கைமாற்றுகிறான் என்று வேவு பார்க்கவே தினமும் அவன் பின்னாலேயே வந்து உட்காருவான். இன்று முதல்முறையாகச் சிநேகிதனாக வந்தான். ரோட்டைக் கடக்கும்போது லத்தி ‘டங், டங்’ என்று ஒலித்தது. இருந்த மனநிலையில் அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை.

“ஒன்னத் தப்பா நெனச்சுட்டேம்ல பாஸ்கலு. மனசுல வச்சுக்கிடாத.”

“அட, உடு அண்ணாத்தே. உன் பேஜாரு எனக்குத் தெரியாதா? லத்திய இப்டி குடு, ஓரமா சாச்சி வெக்கிறேன். நீ குந்தி டீயக் குடி.”

ராசையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பட்டணத்துக்கு வந்து இப்படி ஒரு நல்ல மனுசனை அவன் பார்த்ததில்லை. இவனையா சந்தேகப்பட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்கு ராமதாஸின் காலில் விழுந்தாவது, பாஸ்கல் சொக்கத்தங்கம் என்று சொல்லிவிட வேண்டும்.

பாஸ்கல் டீயைக் குடித்து முடித்து, மணியை அடித்துக்கொண்டு ராயபுரம் பக்கம் சைக்கிளை மிதித்தான்.

ராசையாவும் எழுந்து லத்தியை எடுத்தான். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாச்மேன் அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சிகினு கீறேன். தெனமும் வரச்சொல்ல உன் லத்தி அடியில பித்தளைப் பூண் பளபளன்னு மின்னுது. போவச்சொல்ல மொட்டையா கீது. பாஸ்கல் அத்தக் கழட்டிகினு போவுதே, ரிப்பேருக்கா?”

ராசையா லத்தியைத் தலைகீழாகத் திருப்பினான். ஒன்றேகால் இன்ச் மூங்கில் நுனியில் மரை சுற்றிச் சுற்றிப் பதிந்திருந்தது.

திருடன் யாரென்று இப்போதே ஓடிப்போய் ராமதாஸிடம் சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை நாளும் கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தது யாரென்று அவர் கேட்பாரே!