திருட்டுப் புகார்

பழைய பைக் புரோக்கர், சேஸிஸ் நம்பரை இணையத்தில் தட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்கமாட்டார். இரும்புக்கடைக்காரர் கொண்டுவந்த வண்டியிலும் சேற்றைச் சுரண்டி நம்பரைத் தட்டினார். ‘திருட்டு வண்டி’ என்று வந்தது, புகார் கொடுத்தவரின் போன் நம்பரோடு. அழைத்தார்.

“அம்மா, உங்க வண்டி கிடைச்சிருச்சு.”

“வண்டி கிடக்குது, விடுப்பா. ஓட்டிட்டுப் போனவன் எப்படி இருக்கான்?”

“திருடனையா கேக்குறீங்க?”

“என் மகன்ப்பா. கோவிச்சுக்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு. ஸ்டேஷன்ல, வளர்ந்த ஆளைத் தேட மாட்டோம், வண்டின்னா தேடுவோம்னாங்க. அதான் திருட்டுன்னு எழுதிக் குடுத்தேன்.”

புரோக்கர் போனைக் கையால் பொத்தினார். “எங்கேருந்து எடுத்தீங்க இதை?”

“ஏரி வத்திருச்சுல்ல? நடுவுல கிடந்துச்சு,” என்றார் இரும்புக்கடைக்காரர்.

பொத்திய விரல்களுக்கிடையே அம்மாவின் குரல் துள்ளியது.

“பக்கத்துல பேசுறது அவன்தானே? போனை அவன்கிட்ட குடுப்பா!”