மேஸ்திரி போட்ட தரை

"இன்னா மாப்ளே, எதிர்ல ஏரி நெறைய மீனு. நீ கொளத்தூருக்குப் போயி காசு குடுத்து மீனு வாங்கினு வர்றே" என்றார் சுப்பராயலு மேஸ்திரி, செருப்பைக் கழற்றும்போதே.

மருமகன் ரஞ்சித்குமார் சிரித்து வைத்தான். பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாக வலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, மீஞ்சூர் கம்பெனிக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறவன். மாமனார் எது சொன்னாலும் சிரித்து வைப்பது என்று கல்யாணமான மாதமே முடிவு செய்துவிட்டான்.

கூடத்து மூலையில் அவனே செய்த இரும்பு ஸ்டாண்டு நின்றது. பக்கத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, காலியாக. இருநூறு லிட்டர் பிடிக்கும். பிளாஸ்டிக் பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஆறு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவை மூச்சு விட ஒரு மோட்டார் வேறு வாங்கியிருந்தான்.

குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. அதற்கு மோட்டார்! மேஸ்திரி ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சிக்கல் வேறு. ஸ்டாண்டின் மேல் செல்போனை வைத்து மட்டம் பார்த்தால் ஒரு பக்கம் சாய்வு காட்டியது. சாய்ந்த தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாக அழுத்தும். என்றைக்காவது கண்ணாடி தெறிக்கும். ரஞ்சித்குமார் நான்கு கால்களையும் டேப் வைத்து அளந்தான். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"தரைல எதுனா இருக்குமா மாமா?" என்று கேட்டும் விட்டான்.

மேஸ்திரிக்குச் சுர்ரென்று ஏறியது.

இந்தத் தரை அவர் போட்டது. மகள் அர்ச்சனாவின் கல்யாணத்துக்கு அவர் செய்த சீரே இதுதான். ஆள் வைக்காமல், முட்டி தேய உட்கார்ந்து, தன் கையால் பதித்த டைல்ஸ். 'என் தரையில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிக்கும்' என்று கல்யாணப் பந்தியில் சொன்னார், கிரகப்பிரவேசத்தில் சொன்னார், சம்பந்தியின் அம்மா செத்த வீட்டிலும் சொன்னார். சொந்தப் படகு வைத்திருக்கிற அந்தக் குடும்பத்தில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்ததென்றால் அது இந்தத் தரையால் வந்தது.

அதைப் போய், செல்போனில் மட்டம் பார்க்கிற பயல் குறை சொல்வதா?

எங்கே போனாலும் கூடவே வருகிற வேலைப் பையிலிருந்து டியூப் லெவலை உருவினார். உள்ளே தண்ணீர் நிற்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு வாயும் திறந்திருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். கொத்து வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே தெரிகிற விஷயம். மாப்பிள்ளைக்கு அதுவும் தெரியாது.

சுவரின் இரண்டு கோடியிலும் தரையிலிருந்து சரியாக ஓரடி உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு கோட்டருகே ஒரு முனையை அர்ச்சனா பிடித்தாள். கல்யாணத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு வேலைக்குப் போய்ப் பழகியவள். தண்ணீர் சிந்தாமல் மறுமுனையின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மேஸ்திரி ஸ்டாண்டு இருந்த மூலைக்குப் போனார். குனிந்து, கோட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

தண்ணீர் கோட்டில் கச்சிதமாக நின்றது.

"வந்து பாரு மாப்ளே. கண்ணு இருந்தா பாரு. என் தரை மட்டம். உன் ஸ்டாண்டுதான் கோணல். ஒரு காலை அறுத்து எடு!"

ரஞ்சித்குமார் வந்து கோட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை. பதினைந்து நாள் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து தூங்காமல் செய்த ஸ்டாண்டு. கட்டிங் மிஷினை எடுக்கப் பின்பக்கம் போனான்.

வெல்டிங்காம் வெல்டிங். மேஸ்திரிக்கு வயிறு குளிர்ந்தது.

அர்ச்சனா தன் முனையை விடவில்லை. புருஷன் கண்ணை விட்டு மறைந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நைனா, கட்டைவிரல எடு."

அவர் எடுக்கவில்லை.

"வீடு தொடச்சா தண்ணி அந்த மூலைக்குத்தான் ஓடுது. நாலு வருஷமா அவரு பாக்கறதுக்குள்ள ஒத்தி எடுத்துனு இருக்கேன்."

மேஸ்திரி மகளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்து, ரஞ்சித்குமார் மிஷினோடு உள்ளே வந்தான். ஸ்டாண்டின் காலருகே உட்கார்ந்து, வயரைச் சொருகினான்.

மேஸ்திரி விரலை எடுத்தார்.

மூன்று பேரும் பார்க்க, தண்ணீர் கோட்டைத் தாண்டி மெல்ல ஏறி, ஒரு விரற்கடை மேலே போய் நின்றது.