நான்காம் கதவின் காலிக் கட்டம்

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகர அலுவலகத்தில் மதியம் சீஸ் ரோலைக் கடித்தபோதுதான் மராமாவுக்கு அது உறைத்தது.

பால் கறக்கும் கொட்டகைக் கதவுகளுக்காக அவள் சி மொழியில் நிரல் எழுதியிருந்தாள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது கட்டங்கள் கொண்ட ஒரு தகவல் தொகுப்பு. அதற்குள் ‘திற’, ‘மூடு’ என்று இரண்டு ஃபங்ஷன் பாயிண்டர்கள். எந்த ஃபங்ஷனை ஓட்டுவது என்ற முகவரி அந்தக் கட்டங்களில் இருக்க வேண்டும். நான்காம் கதவின் ‘மூடு’ கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டாள். அந்தக் கதவை மூடச் சொன்னால் கதவுகளை இயக்கும் கருவியே செத்துவிடும். இன்றோ டெஸ்மண்டின் பண்ணையில் வெள்ளோட்டம். நானூறு மாடுகள் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஆர்டரும் போய்விடும்.

போனில் பதறினாள். “நாலாம் கதவ மூடாதீங்க!”

“என்னம்மா சொல்றே?” என்றார் டெஸ்மண்ட். “காலையிலேருந்து அதுதான் ஜோரா மூடுது. நொண்டி மாடு வந்தா நின்னு வழி விடுதே! மத்ததையும் இப்படியே பண்ணிக் கொடு, ஆர்டர் உனக்குத்தான்.”

மராமா பண்ணைக்கு ஓடிக் கருவியைச் சோதித்தாள். காலிக் கட்டத்தில் அவள் எழுதாத ஏதோ ஒரு முகவரி இருந்தது. கருவியிலிருந்த சிப்பின் நினைவகம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது; அப்படியோர் இடமே அதில் இல்லை.

“தாயே, உன் பேய் உன்னைவிட நல்லா கோடு எழுதுது,” என்றான் அலுவலகத்திலிருந்து கூட வந்த லாக்லன்.

மராமாவுக்கும் சிரிப்பு வந்தது. மற்ற பதினொரு கதவுகளின் ‘மூடு’ கட்டங்களையும் காலியாக்கிக் கருவியை முடுக்கினாள். இருவரும் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள்.

எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பன்னிரண்டும் வெவ்வேறு முகவரிகள். ஒன்றுகூடச் சிப்புக்குள் இல்லை.