மாமாவுக்குக் கோமா

"கோமாவா? யாருக்கு?"

மேக்கப் அக்கா கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"எனக்குத்தாம்மா. முதல் எபிசோடுலயே மாடிப்படியில உருண்டு விழறேன். அப்புறம் சீசன் முழுக்கப் படுக்கை," என்றார் மாமா, சாவகாசமாக.

டிவி தொடரில் அவர் கதாநாயகிக்குத் தாய்மாமன். யூனிட்டில் எல்லோருக்குமே மாமா. முதல் சீசனில் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு ஏதாவது சொல்லுவார். கேமராமேன் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

இரண்டாவது சீசன் என்று வந்தாலே துணை நடிகர்களுக்குக் கண்டம்தான். சிரிக்க வைத்தவர்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, காதல் ஜோடியையே திரும்பத் திரும்பப் பிரித்துச் சேர்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி வெளிநாடு போயாயிற்று. டிரைவர் எங்கே போனார் என்று எழுதியவருக்கே தெரியாது.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. நேரே கதாசிரியரிடம் போனாள். அவர் டீயில் பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், போன சீசன் ஓடினதே அந்த மனுஷன் வாயாலதானே? அந்த வாயையே கட்டிட்டீங்களே?"

"கதைக்கு அது வேணும்க்கா."

"கதைக்கா, உங்க வயித்தெரிச்சலுக்கா? உங்க வசனத்தைவிட அவர் சொந்தமா பேசறதுதான் நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. அதானே?"

பிஸ்கெட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் ஸ்பூனைத் தேடினார்.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. வீட்டில் ஆளாளுக்கு வந்து மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து மனசில் உள்ளதைக் கொட்டினார்கள். ஒருநாள் கதாநாயகி உருகி உருகி அழுதுகொண்டிருக்க, மாமா நிஜமாகவே குறட்டை விட்டார். தூங்கியே சம்பாதிக்கிற ஒரே ஆள் என்று யூனிட்டே கேலி செய்தது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

டைரக்டரை நச்சரித்தாள். "ஒரே ஒரு வரி சார். கண்ணைத் திறந்து ஒரு வரி பேசட்டும். பாவம் சார்."

தொல்லை தாங்காமல் அவரும் சம்மதித்தார். கதாசிரியர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. கண்ணைத் திறந்து, அழுகிற மருமகளிடம், "அழாதேம்மா, நான் இருக்கேன்ல" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா வழக்கத்தைவிடப் பார்த்துப் பார்த்து மேக்கப் போட்டாள். மாமா ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் டேக். மாமா கண்ணைத் திறந்தார். "காபி போட்டியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமா, இந்த ஒரு தடவை எழுதினதையே சொல்லிடுங்க," என்றார் டைரக்டர்.

இரண்டாவது டேக். "மணி என்ன ஆச்சு?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது டேக். கண் திறந்தது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மாமா கதாநாயகியைத் தாண்டி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"கட்."

சொன்னது டைரக்டர் இல்லை. அப்போதுதான் உள்ளே வந்த கதாசிரியர்.

"கோமாவுல கிடந்தவர் எழுந்ததும் எப்படிங்க பேசுவார்? லாஜிக்கே இல்லையே. நீங்க படுங்க மாமா, தப்பு எங்க மேலதான்."

மாமா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா கதாசிரியரை வாசலில் பிடித்தாள். "எவ்வளவு நாளா சார் இப்படி?"

"போன சீசன் பாதியிலேருந்தே. சொந்தமா பேசறார்னு நாமெல்லாம் சிரிச்சோம். வசனம் மறந்துபோய்த்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கார்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. உங்களை என்னவெல்லாம் பேசிட்டேன்."

"வெளியில தெரிஞ்சா அன்னைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. வீட்டுல உக்காந்தா மனுஷன் ஒடிஞ்சே போயிடுவார்னு அவர் சம்சாரம் வந்து அழுதாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்க்கா. ஒரு வசனம்கூட இல்லாம அவரை சீசன் முழுக்க வச்சுக்க எனக்கு வேற வழி தெரியல."