ஒன்ஸ்மோர் கேட்டவர்

எங்கள் நாடகக் கம்பெனியில் ராஜா பாடிக்கொண்டேதான் சாவார். கொட்டகையே "ஒன்ஸ்மோர்!" என்று அலறும். ராஜா வேடம் கட்டும் குமரவேலு எழுந்து உட்கார்ந்து, அதே பாட்டை இன்னும் உருக்கமாகப் பாடிவிட்டு மறுபடி சாவார். அதன் பிறகுதான் ராணியான நான் ஒப்பாரி வைக்க வேண்டும். புதிதாக வந்த மேனேஜர் ஞானதிரவியத்துக்கு இது பொறுக்கவில்லை.

"செத்தவரு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாடினா நாடகம் எப்பதான் முடியும்?"

"ஜனங்க அதுக்குத்தானே சார் வர்றாங்க" என்றார் குமரவேலு.

ஆர்மோனியக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாட்டு, வசனம், என் அழுகை எல்லாவற்றையும் பதிவுசெய்து ஸ்பீக்கரில் விட்டார்கள். நாங்கள் வாயசைத்தோம். நாடகம் சொன்ன நேரத்துக்கு முடிந்தது. ஒன்ஸ்மோர் கேட்பது நின்றது. பிறகு ஆட்கள் வருவதும் நின்றது.

கடைசி நாடகத்தன்று முன்வரிசையில் மேனேஜர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ராஜா செத்ததும் அவர் எழுந்து நின்று, கரகரத்த குரலில் "ஒன்ஸ்மோர்!" என்றார்.

குமரவேலு பழக்கதோஷத்தில் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்பீக்கரில் என் ஒப்பாரி தொடங்கிவிட்டது. உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நான் வாயசைத்தேன்.